குற்றாலம்: குளித்துவிட்டு மட்டும் திரும்பி விடாதீர்கள்!



குற்றாலம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? 'அருவி!' என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வீர்கள். சிலர் 'குரங்கு!' என்பீர்கள். சாப்பாட்டுப் பிரியர்கள் 'பார்டர் பரோட்டா!' என்பீர்கள். மூன்றுமே சரிதான். ஆனால், வேனில் வந்து இறங்கி, குளித்து, சாப்பிட்டு, மறுபடியும் வேனில் ஏறித் தூங்கிக்கொண்டே ஊர் திரும்புகிறவர்கள் குற்றாலத்தில் பாதியைக்கூடப் பார்ப்பதில்லை.

இங்கே ஒரு மலை இருக்கிறது. ஒரு பழைய ஓவியக்கூடம் இருக்கிறது. கடல் கடந்து வந்த மரங்கள் இருக்கின்றன. இடிந்து விழுந்து மறுபடி எழுந்து நின்ற ஒரு கோபுரம் இருக்கிறது. ஐந்தாறு மைல் சுற்றளவுக்குள் இத்தனையும்! வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டீர்களா? சரி, கிளம்பலாம்.

வெயிலும் மழையும் ஒன்றாக!

ஜூன் மாதம் பிறந்ததும் தென்காசிப் பக்கத்து மக்கள் மேற்கே திரும்பி மலையைப் பார்ப்பார்கள். மலை உச்சியில் மேகம் இறங்கியிருந்தால், 'சாரல் விழுந்துவிட்டது' என்று முகம் மலரும். ஜூன் முதல் செப்டம்பர் வரை குற்றால சீசன்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. ஜூன், ஜூலையில் பெய்வது தென்மேற்குப் பருவமழை. அந்த மழை அரபிக் கடலிலிருந்து வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே சுவர் போல நிற்பதால், ஈரக்காற்று மேலே ஏறிக் குளிர்ந்து கேரளப் பக்கமே மழையைக் கொட்டிவிடும். மலையைத் தாண்டி நம் பக்கம் வரும்போது காற்றில் ஈரம் குறைந்திருக்கும். அதனால்தான் அந்த மாதங்களில் தமிழ்நாட்டின் பெரும்பகுதி வெயிலில் காய்கிறது. இப்படி மலை மறைக்கும் பகுதியை 'மழை மறைவுப் பகுதி' என்று புவியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

அப்படியானால் குற்றாலத்துக்கு மட்டும் எப்படிச் சாரல் வந்தது?

விடை செங்கோட்டைக்கு மேற்கே இருக்கிறது. அங்கே மலைச்சுவர் தாழ்ந்து ஒரு கணவாய் உண்டு. ஆரியங்காவுக் கணவாய் என்பார்கள். செங்கோட்டைக் கணவாய் என்றும் சொல்வதுண்டு. வீட்டின் எல்லா ஜன்னல்களையும் சாத்திவிட்டு ஒன்றை மட்டும் திறந்து வைத்தால், காற்று அந்த வழியே 'குபுகுபு'வென்று நுழையும் அல்லவா? அதே கதைதான். கணவாய் வழியே மேகங்கள் புகுந்து வந்து, பூந்தூறலாகத் தூவுகின்றன. அதனால்தான் இங்கே ஒரு கையில் வெயிலும் மறுகையில் மழையும் இருக்கிற மாதிரித் தோன்றும். தென்காசியைச் சுற்றியுள்ள ஊர்களில் காற்றாலைகள் வரிசையாகச் சுழல்வதற்கும் இந்தக் காற்றுதான் காரணம்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் அருவிகளில் தண்ணீர் விழும். ஆனால், அப்போது இந்த மெல்லிய சாரல் சுகம் கிடைக்காது.

பேரருவியின் ரகசியம்

குற்றாலத்தில் எல்லோரும் முதலில் போய் நிற்பது பேரருவியின் முன்னால். 'மெயின் அருவி' என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். ஏறக்குறைய 60 மீட்டர் உயரம். அதாவது, இருபது மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து தண்ணீரை ஊற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாளித் தண்ணீரை முதல் மாடியிலிருந்து உங்கள் தலையில் ஊற்றினாலே வலிக்கும். இருபது மாடி உயரத்திலிருந்து இத்தனை தண்ணீர் விழுந்தால் அதன் அடியில் யாராவது நிற்க முடியுமா? ஆனாலும் நம் தாத்தா, பாட்டிகூட 'ஆஹா' என்று நின்று குளிக்கிறார்களே, எப்படி?

அண்ணாந்து பாருங்கள். பாதி உயரத்தில் பாறையில் ஒரு பெரிய குழி இருக்கிறது. தண்ணீர் உச்சியிலிருந்து நேரே தரைக்கு வருவதில்லை. முதலில் அந்தக் குழியில் விழுகிறது. அங்கே சுழன்று, தன் வேகத்தைத் தொலைத்து, பிறகு பொங்கி வழிந்து கீழே இறங்குகிறது. அந்தக் குழிக்கு நம் முன்னோர் வைத்த பெயர் 'பொங்குமாங்கடல்'. பொங்குகிற பெருங்கடல்! எவ்வளவு அழகான பெயர் பாருங்கள். பெயரிலேயே அறிவியலும் அடங்கிவிட்டது.

பாறையில் இப்படிக் குழி எப்படி உண்டாகும்? உயரத்திலிருந்து விழும் தண்ணீர் கற்களையும் மணலையும் கொண்டுவந்து ஓரிடத்தில் போட்டுச் சுழற்றும். ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவது போல அந்தக் கற்கள் சுற்றிச் சுற்றிப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரைக்கும். ஒரு நாளில், ஒரு வருடத்தில் நடக்கிற காரியம் அல்ல; பல்லாயிரம் ஆண்டு வேலை. 'அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்' என்ற பழமொழிக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

எத்தனை அருவிகள்?

பேரருவி மட்டும் குற்றாலம் அல்ல. பெயர்களைச் சொல்கிறேன், நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, பழத்தோட்ட அருவி, செண்பகாதேவி அருவி, தேனருவி.

ஐந்தருவியில் ஒரே ஓடை பாறையில் மோதி ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழுகிறது. புலியருவி சிறியது, குட்டிப் பிள்ளைகள் குளிக்க ஏற்றது. செண்பகாதேவி அருவியும் தேனருவியும் பேரருவிக்கு மேலே காட்டுக்குள் இருக்கின்றன. தேனருவியை ஒட்டிய பாறைகளில் பெரிய பெரிய தேன்கூடுகள் தொங்குவதால் அந்தப் பெயர். அங்கெல்லாம் வனத்துறையின் அனுமதியில்லாமல் போகக்கூடாது. 'சும்மா ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்' என்று யாராவது கூப்பிட்டாலும் மறுத்துவிடுங்கள். வழுக்குப் பாறை, திடீர் வெள்ளம், காட்டு விலங்குகள் என மூன்று ஆபத்துகள் அங்கே இருக்கின்றன.

பேரருவியில் விழுந்த தண்ணீர் எங்கே போகிறது? அதுதான் சிற்றாறு. தென்காசி வழியாக ஓடி, வழியிலுள்ள குளங்களை நிரப்பி, வயல்களுக்குப் பாய்ந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியோடு கலக்கிறது. தாமிரபரணி புன்னைக்காயலில் கடலைத் தொடுகிறது. ஆக, நீங்கள் அருவியில் நின்று தலைக்கு வாங்குகிற தண்ணீர், நாளைக்கு யாரோ ஒரு விவசாயியின் வயலுக்கும், யாரோ ஒருவர் வீட்டுக் குடத்துக்கும் போகிறது.

இப்போது சொல்லுங்கள், அருவியில் நின்று ஷாம்புவும் சோப்பும் போடலாமா? கூடாது! எண்ணெய், சோப்பு, ஷாம்பு தேய்த்து அருவிகளில் குளிக்கத் தடை இருக்கிறது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே இதில் தலையிட்டது. ஒருவர் போடும் சோப்பு சிறியதுதான். ஆனால், சீசன் நாளில் வருகிறவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள் அல்லவா? அந்த நுரை முழுவதும் சிற்றாற்று மீன்களின் வாய்க்குள்தான் போகும்.

சங்கு வடிவக் கோயிலும் சித்திரக் கூடமும்

பேரருவியின் பக்கத்திலேயே குற்றாலநாதர் கோயில் இருக்கிறது. இதன் அமைப்பு சங்கு வடிவத்தில் இருப்பது தனிச்சிறப்பு. கோயிலின் தல மரம் பலா. அதைக் 'குறும்பலா' என்று சொல்வார்கள். திருஞானசம்பந்தர் குற்றாலத்தையும் குறும்பலாவையும் தனித்தனியே பாடியிருக்கிறார். ஒரு மரத்துக்காகவே ஒரு பதிகம் என்றால், அந்தக் காலத்தில் மரத்துக்கு இருந்த மதிப்பை யோசித்துப் பாருங்கள்.

இனி, பலர் பார்க்காமலே திரும்பிவிடுகிற இடத்துக்குப் போவோம். கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு குளத்தின் அருகே தனிக் கட்டடமாக நிற்கிறது சித்திர சபை.

நடராசப் பெருமானுக்கு ஐந்து சபைகள் உண்டு. சிதம்பரத்தில் பொற்சபை, மதுரையில் வெள்ளி சபை, திருவாலங்காட்டில் இரத்தின சபை, திருநெல்வேலியில் தாமிர சபை, குற்றாலத்தில் சித்திர சபை. பொன், வெள்ளி, இரத்தினம், தாமிரம் என்று மற்ற நான்கும் விலை உயர்ந்த பொருள்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. குற்றாலம் மட்டும் ஓவியத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது! மற்ற இடங்களில் சிலையாக வழிபடப்படும் நடராசர், இங்கே ஓவியமாகக் காட்சி தருகிறார். சுவர்களைச் சுற்றிலும் புராணக் கதைக் காட்சிகள் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன.

ஓவியம் என்பது மிகவும் மென்மையான செல்வம். கல்வெட்டு மழையில் நனைந்தாலும் தாங்கும். ஓவியம் தாங்காது. ஈரம், புகை, கை வியர்வை எல்லாமே அதற்குப் பகை. 'ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்தால் என்ன?' என்று தோன்றும். உங்களைப் போலவே நினைத்து ஆயிரம் பேர் தொட்டால், அங்கே சுவர்தான் மிஞ்சும். கண்ணால் பாருங்கள், கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். மாணவர்களைச் சுற்றுலா அழைத்துப் போகும்போதெல்லாம் நான் சொல்லும் முதல் விதி இதுதான்.

மேலகரத்துக் கவிராயர்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே மேலகரம் என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்தான் திரிகூட ராசப்பக் கவிராயர். பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். 'திரிகூடம்' என்றால் மூன்று சிகரங்கள். குற்றால மலைக்கு அது இன்னொரு பெயர். இவர் எழுதிய திருக்குற்றாலக் குறவஞ்சியின் ஒரு பகுதியையாவது உங்கள் தமிழ்ப் பாடநூலில் படித்திருப்பீர்கள், அல்லது படிக்கப் போகிறீர்கள்.

குறவஞ்சி என்பது பாட்டும் நாடகமும் கலந்த நூல். மலையிலிருந்து இறங்கி வரும் குறத்தி, குறி சொல்ல வருகிறாள். வந்தவள் தன் மலையின் வளத்தைப் பெருமையாக எடுத்துச் சொல்கிறாள். குரங்கும், கனியும், தேனும், அருவியும் அதில் வருகின்றன. அந்த நூலைப் படித்துவிட்டுக் குற்றாலத்துக்கு வந்து பாருங்கள். அதே மலை, அதே அருவி, அதே குரங்கு. ஆனால், குரங்கின் கையில் மட்டும் பழத்துக்குப் பதில் சிப்ஸ் பாக்கெட்!

சிரிப்பு வருகிறதா? குரங்குக்கு அது சிரிப்பான விஷயம் இல்லை. உப்பும் எண்ணெயும் சேர்ந்த தீனி அதன் வயிற்றுக்கு ஆகாது. மனிதர் கையைப் பார்த்தே பழகிய குரங்கு, காட்டில் உணவு தேடுவதைக் குறைத்துக்கொள்கிறது. கொடுக்காவிட்டால் பிடுங்குகிறது, கடிக்கிறது. பழம் தின்று விதையைக் காட்டில் போட வேண்டிய குரங்கு, சாலை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டால் நாளைக்கு அந்த மரத்தை யார் நடுவார்கள்? அதனால், பாவம் பார்த்துக்கூடக் குரங்குக்குத் தீனி போடாதீர்கள்.

கவிதை என்றதும் இன்னொருவர் நினைவுக்கு வருகிறார். 'ரசிகமணி' டி.கே.சிதம்பரநாத முதலியார். கவிதையை எப்படிப் படித்துச் சுவைப்பது என்று தமிழர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர். பல ஆண்டுகள் குற்றாலத்திலேயே வாழ்ந்தார். 1954ஆம் ஆண்டு மறைந்தார். அவரைப் பார்க்கவும், கவிதை பேசிக் கேட்கவும் எழுத்தாளர்களும் தலைவர்களும் இந்த ஊருக்குத் தேடி வந்தார்கள்.

கப்பலேறி வந்த மரங்கள்

குற்றாலத்தின் கடைவீதியில் கருஞ்சிவப்பு நிறத்தில் உருண்டையாக ஒரு பழம் விற்பார்கள். அதுதான் மங்குஸ்தான். தடித்த தோலை உடைத்தால் உள்ளே வெள்ளைப் பஞ்சு போலச் சுளைகள். உடைக்கும் முன் ஒரு வித்தை செய்து உங்கள் நண்பர்களை அசத்தலாம். பழத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். சின்னப் பூ மாதிரி ஒரு தழும்பு இருக்கும். அதில் எத்தனை இதழ் இருக்கிறதோ, உள்ளே அத்தனை சுளை! ஆறு இதழ் என்றால் ஆறு சுளை. எண்ணிச் சொல்லிவிட்டு உடைத்துக் காட்டுங்கள்.

மங்குஸ்தான், துரியன், ரம்புட்டான் எல்லாமே தென்கிழக்கு ஆசியப் பழங்கள். இங்கே எப்படி வந்தன?

ஒரு காலத்தில் சாதிக்காயும் கிராம்பும் உலகத்திலேயே இன்றைய இந்தோனேசியாவில் உள்ள சில தீவுகளில் மட்டும்தான் விளைந்தன. அந்த வணிகத்தை டச்சுக்காரர்கள் தங்கள் கைக்குள் வைத்திருந்தார்கள். இங்கிலாந்தின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதில் ஒரு கண். 1796இல் ஆங்கிலேயர் அந்தத் தீவுகளைப் பிடித்ததும், அங்கிருந்த செடிகளைத் தங்கள் வசமிருந்த பல இடங்களுக்கு அனுப்பினார்கள். மழை, ஈரம், நிழல் மூன்றும் ஒருங்கே உள்ள குற்றாலத்தையும் தேர்ந்தெடுத்தார்கள். 1800ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் இங்கே கம்பெனியின் நறுமணப் பயிர்த் தோட்டங்கள் இருந்தன. சாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டை எல்லாம் வளர்த்தார்கள். இன்றும் குற்றால மலைச்சரிவில் அரசுத் தோட்டக்கலைத் துறையின் பழத்தோட்டம் இருக்கிறது. பழத்தோட்ட அருவிக்குப் பெயர் வந்தது அதனால்தான்.

ஒரு சின்னக் கேள்வி. கிராம்பு, இலவங்கப்பட்டை, சாதிக்காய் மூன்றும் தாவரத்தின் எந்தெந்தப் பகுதி? யோசியுங்கள். கிராம்பு என்பது விரியாத மொட்டு. பட்டை என்பது மரத்தின் உள்பட்டை. சாதிக்காய் என்பது விதை. அதைச் சுற்றியிருக்கும் சிவப்பு வலைதான் சாதிபத்திரி. இன்றே சமையலறைக்குப் போய் அம்மாவின் அஞ்சறைப் பெட்டியில் தேடிப் பாருங்கள்.

பெயர் கிடைத்த ஓவியர்

இந்த மலையின் செடி கொடிகளைப் பார்த்து மயங்கியவர்களில் ஒருவர் ராபர்ட் வைட். ஸ்காட்லாந்துக்காரர், 1796இல் பிறந்தவர். கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்து தாவர ஆராய்ச்சியாளர் ஆனார். 1830களில் குற்றாலத்தில் தங்கி மலையெல்லாம் அலைந்து செடிகளைச் சேகரித்தார்.

அந்தக் காலத்தில் புகைப்படம் எடுக்கும் வசதி இல்லை. செடியை வெளிநாட்டு அறிஞர்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் வரைந்துதான் ஆகவேண்டும். வைட்டுக்கு வரைந்து கொடுத்தவர்கள் நம் நாட்டு ஓவியர்கள்: ரங்கையா, அவருக்குப் பின் கோவிந்து. இலை நரம்பு, மகரந்தத் தாள், விதை ஒவ்வொன்றையும் கூர்ந்து பார்த்து வரைந்தார்கள். 1838 முதல் 1853 வரை வைட் வெளியிட்ட பெரிய நூல் வரிசையில் 2,000க்கும் மேற்பட்ட தாவரப் படங்கள் இருக்கின்றன.

படம் வரைந்தவர்களின் பெயரைப் பெரும்பாலும் யாரும் சொல்லாத காலம் அது. ஆனால் வைட் மறக்கவில்லை. ஓர் ஆர்க்கிட் தாவரத்துக்குக் கோவிந்துவின் பெயரையே சூட்டினார்! ஓவியப் பாடத்தில் கெட்டிக்காரர்களே, கேட்டீர்களா? அறிவியலுக்குக் கணக்குப் போடுகிறவர்கள் மட்டும் போதாது; கூர்ந்து பார்த்து வரைகிறவர்களும் வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களை 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. குற்றாலப் பகுதிக் காடுகளை உள்ளடக்கிய நெல்லை வன உயிரினச் சரணாலயம் 2015இல் உருவானது. மலை அணில், கருமந்தி, இருவாச்சிப் பறவை போன்றவை மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் பிள்ளைகள். காடு அவற்றுக்கு வீடு. நமக்கோ, அதுதான் தண்ணீர்த் தொட்டி. மழை நின்ற பிறகும் அருவி ஓடிக்கொண்டே இருப்பதற்குக் காரணம், காட்டு மண்ணும் வேரும் சருகும் பஞ்சு போலத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மெள்ள மெள்ள விடுவதுதான்.

விழுந்து எழுந்த கோபுரம்

குற்றாலத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் கிழக்கே வந்தால் தென்காசி. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி தனி மாவட்டம். ஊருக்குள் நுழைவதற்கு முன்பே காசி விசுவநாதர் கோயில் கோபுரம் உங்களை வரவேற்கும். ஒன்பது நிலைகள், ஏறக்குறைய 180 அடி உயரம். மீட்டரில் மாற்றிப் பாருங்கள்: சுமார் 55 மீட்டர். அடடே! பேரருவியின் உயரத்துக்கு ஏறக்குறையச் சமம். இயற்கை அங்கே ஓர் அருவியை நிறுத்தியது. மனிதன் இங்கே அதற்கு இணையாக ஒரு கோபுரத்தை நிறுத்தினான்.

இந்தக் கோயிலைக் கட்டியவர் பராக்கிரம பாண்டியர். 1446இல் பணி தொடங்கியது. 1457இல் கோபுர வேலையை ஆரம்பித்தார்கள். அவர் காலத்தில் கோபுரம் முடியவில்லை. அவருடைய தம்பி குலசேகர பாண்டியர் அந்தப் பணியை முடித்தார்.

பராக்கிரம பாண்டியர் இந்தக் கோயிலில் ஒரு வேண்டுகோளைப் பாட்டாகவே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். அதன் கருத்து என்ன தெரியுமா? பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதாவது கேடு வந்து, அதை யார் சரிசெய்து காப்பாற்றினாலும், அவர்களை உலகம் அறிய நான் இப்போதே பணிந்து வணங்குகிறேன் என்பதுதான் அது. மற்ற அரசர்கள் தாங்கள் வென்ற நாடுகளைக் கல்லில் எழுதினார்கள். இவரோ, இன்னும் பிறக்காதவர்களுக்கு வணக்கம் எழுதி வைத்தார்!

அவர் பயந்தது நடந்தது. காலத்தின் கோளாறுகளில் கோபுரம் பழுதுபட்டது. 1924இல் தீயும் பற்றியது. பல பத்தாண்டுகள் கோபுரம் சிதைந்து நின்றது. என் வயதுக்காரர்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது பார்த்தது முழுக் கோபுரத்தை அல்ல. 'மொட்டைக் கோபுரம்' என்று பெரியவர்கள் காட்டியதைத்தான். பிறகு ஊர் மக்களும் கொடையாளர்களும் கைகோத்து மறுபடி எழுப்பினார்கள். 1990இல் குடமுழுக்கு நடந்தது. 500 ஆண்டுகளுக்கு முன் அரசர் யாருக்கு வணக்கம் சொன்னாரோ, அவர்கள் வந்துவிட்டார்கள்!

கோபுர வாசலைத் தாண்டும்போது காற்றையும் கவனியுங்கள். கணவாயிலிருந்து வருகிற மேற்குக் காற்று, சீசன் நாள்களில் உங்களை எதிர்கொண்டு தள்ளும். தொப்பி போட்டிருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள்!

கணவாய்க்குள் ரயில்

தென்காசிக்கு மேற்கே செங்கோட்டை. முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த ஊர். மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது, 1956 நவம்பர் 1ஆம் தேதி தமிழகத்தோடு இணைந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன் உயிரையும் மாய்த்துக்கொண்ட வாஞ்சிநாதன் இந்த ஊர்க்காரர்தான். அவருக்கு இங்கே மணிமண்டபம் இருக்கிறது.

ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் செங்கோட்டைக்கும் கொல்லத்துக்கும் இடையே 1904இல் ரயில் ஓடத் தொடங்கியது. மலையைக் குடைந்து சுரங்கப்பாதை, பள்ளத்தாக்குகளின் மேல் பாலம் என்று அன்றைய தொழிலாளர்கள் செய்த அரும்பணி அது. கேரள எல்லைக்குள் கழுதுருட்டியில் உள்ள பதின்மூன்று கண் பாலம் கருங்கல் வளைவுகளோடு இன்றும் கம்பீரமாக நிற்கிறது. பழைய மீட்டர்கேஜ் ரயில் 2010இல் நின்றது. தண்டவாளத்தை அகலமாக்கி 2018இல் மீண்டும் ரயில் விட்டார்கள். ஜன்னலோர இடம் கிடைத்தால் விடாதீர்கள். காய்ந்த சமவெளி மறைந்து, பச்சைக் காடு தொடங்குவதைப் பார்க்கலாம். 'மழை மறைவுப் பகுதி' என்றால் என்ன என்று புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதை ஜன்னல் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடும்!

ஒரு முக்கியமான எச்சரிக்கை

இப்போது கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்தது. கோடை விடுமுறைக்குக் குளிக்க வந்திருந்த மாணவர் ஒருவர் அந்த வெள்ளத்தில் சிக்கி உயிரிழந்தார். கீழே நின்றவர்களுக்குத் தப்பி ஓடவே நேரம் போதவில்லை.

அருவியில் வெள்ளம் வருவதற்கு நாம் நிற்கிற இடத்தில் மழை பெய்ய வேண்டும் என்பதில்லை. தலைக்கு மேல் வெயில் அடிக்கும். உள்மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் முழுவதும் குறுகலான ஓடை வழியே திரண்டு இறங்கும். அதனால் இந்த அடையாளங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்:

* தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கிச் செந்நிறமாக மாறுவது.
* சருகு, குச்சி, கற்கள் தண்ணீரோடு வருவது.
* அருவியின் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாவது.
* மலை மேல் கருமேகம் கவிந்திருப்பது.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே வெளியே வந்து மேடான இடத்துக்குப் போய்விட வேண்டும். செருப்பு, துண்டு, செல்போன் எதையும் எடுக்கத் திரும்பக்கூடாது. காவலர்கள் 'வெளியே வாருங்கள்' என்று விசில் அடித்தால், 'இன்னும் ஒரு நிமிஷம்' என்று கெஞ்சாதீர்கள். தடை போட்டிருக்கும் நாளில் அப்பாவோ மாமாவோ 'பரவாயில்லை, வா' என்றால், 'வேண்டாம்ப்பா, நாளைக்கு வருவோம்' என்று நீங்கள் சொல்லுங்கள். அருவி எங்கேயும் போய்விடாது.

போகும் முன் செய்து பாருங்கள்

குற்றாலத்துக்கு வர முடியாதவர்களும் வீட்டிலேயே இந்த இரண்டையும் செய்யலாம்.

ஒன்று: இரண்டு பழைய தட்டுகளில் மண் நிரப்புங்கள். ஒன்றில் கேழ்வரகு தூவி முளைக்க வையுங்கள். இன்னொன்றை வெறும் மண்ணாக விடுங்கள். பயிர் அடர்ந்து வளர்ந்ததும் இரண்டையும் சாய்த்து வைத்து, ஒரே அளவு தண்ணீரைத் தெளியுங்கள். எந்தத் தட்டிலிருந்து தண்ணீர் கலங்கி வேகமாக ஓடுகிறது, எதிலிருந்து தெளிவாக மெதுவாக வடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காடு இருக்கும் மலைக்கும் காடு அழிந்த மலைக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

இரண்டு: வெயிலில் ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டு அதன் நிழலை அளவுங்கள். அதே நேரத்தில் பக்கத்தில் உள்ள தென்னை மரத்தின் நிழலையும் அளவுங்கள். குச்சியின் நிழல் அரை மீட்டர், மரத்தின் நிழல் ஆறு மீட்டர் என்றால், மரத்தின் உயரம் 12 மீட்டர். ஏறாமலே உயரம் கண்டுபிடித்துவிட்டீர்கள்! இதே வழியில் உங்கள் ஊர்க் கொடிமரத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் அளந்து பாருங்கள்.

குற்றாலத்துக்கு வரும்போது கூடவே ஒரு துணிப்பையும் கொண்டு வாருங்கள். நீங்கள் கொண்டுவந்த பிளாஸ்டிக் பாட்டில், பிஸ்கட் உறை எல்லாவற்றையும் அதில் போட்டு ஊருக்கே திரும்ப எடுத்துப் போங்கள். பராக்கிரம பாண்டியர், பின்னால் வந்து காப்பாற்றப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே வணக்கம் சொன்னார் அல்லவா? கோபுரத்தைத் தூக்கி நிறுத்தியவர்களுக்கு மட்டும் அந்த வணக்கம் என்று ஏன் நினைக்க வேண்டும்? ஓவியத்தைத் தொடாமல் கை கட்டி நிற்கிற பிள்ளைக்கும், அருவியில் சோப்பு போடாத பிள்ளைக்கும், சிப்ஸ் பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொள்கிற பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு.

சாரல் தொடங்கியதும் வாருங்கள், செல்வங்களே!